பசி மட்டும் அமலாகுமா?

உடம்பைக் குறைப்பதற்காக ஆகாரத்தைக் குறைக்கும் பழக்கம் இப்போது நம் இல்லங்களுக்குள்ளும் புகுந்து விட்டது. பத்தியம் என்ற சொல் முன்பு பிள்ளை பெற்ற தாய்க்கும் காமாலை கண்டவருக்கும் உரியதாக இருந்தது. இன்று பாயில் படுக்காதவர்களும் பத்தியம் இருக்கிறார்கள். ஒருவர் இரவுச் சாப்பாட்டை நிறுத்தி விடுகிறார். ஒருவர் சீனியைத் தொடுவதில்லை. பேலியோ என்ற பெயரில் அரிசியையும் கோதுமையையும் அறவே ஒதுக்கி இறைச்சியும் முட்டையுமாக உண்ணும் முறை ஒன்று கடந்த பத்தாண்டுகளில் தமிழ்நாட்டில் வெகுவாகப் பரவியிருக்கிறது. இவற்றுள் எது உடலுக்கு நல்லது என்பதை வைத்தியர்கள் சொல்லட்டும். அது நம் வேலையன்று. ஆனால் இந்தப் பத்தியத்தின் முதல் பத்து நாட்களில் வீட்டுக்குள் நடப்பவை இருக்கின்றனவே, அவை மார்க்கத்தோடு சம்பந்தப்பட்டவை. அதனால்தான் எழுதுகிறோம்.

திருச்சுழியில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது மளிகை வியாபாரம் செய்யும் சகோதரர் ஒருவர் நம்மை நிறுத்தினார். நாள் முழுவதும் வெல்லத்துக்கும் பேரீச்சைக்கும் நடுவே உட்கார்ந்திருப்பவர். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா. டாக்டர் பதினைந்து கிலோ குறைக்கச் சொல்லிவிட்டார். சோற்றை விட்டு ஒன்பது நாளாகிறது. ரமளானில்கூட இப்படிப் பசித்ததில்லை. இவ்வளவு பசியும் வீணாகத்தான் போகிறதா, இல்லை, இதற்கும் ஏதாவது நன்மை எழுதப்படுமா?" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. வணக்கத்தில் உடல் நலத்தின் நோக்கமும் வந்து கலந்தால் என்ன ஹுக்மு என்பது இமாம்கள் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துப் பேசிய விஷயம். அவர் கேட்டதற்குப் பின்னால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் நின்றது. பசிக்குத் தனியாக ஒரு மதிப்பு உண்டா?

இந்த ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு ஒரு தனிக் கனம் இருக்கிறது. இது வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களைவிட மணல் காயும் நாட்களே அதிகம். கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைத்து, அவற்றையே கூழாகவும் களியாகவும் குடித்து உழைத்த மக்கள் நம் முன்னோர். நெல்லுச் சோறு பெருநாளைக்கும் கல்யாணத்துக்கும்தான் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று இன்னும் பெயர் சொல்லிப் பேசுகிறார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சோறு போட்டால்தான் பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள் என்று கண்டு 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி வைத்த காமராஜர் நம் விருதுநகரில் பிறந்தவர். பின்தங்கிய நிலையிலிருந்து முன்னேற வேண்டிய மாவட்டங்கள் என்று 2018-ல் மத்திய அரசு பட்டியலிட்டபோது தமிழகத்திலிருந்து சேர்ந்தவை விருதுநகரும் இராமநாதபுரமும்தாம்.

அதே நாட்டில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2019-21 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் இருக்க வேண்டிய எடையைவிட அதிகமாக இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் வெளிவந்தபோது, தமிழகத்தில் வயது வந்தவர்களில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று தெரிந்தது. பாட்டனுக்குப் பசி விதியாக வந்தது. பேரனுக்கு அது டாக்டர் சீட்டில் எழுதி வருகிறது.

இப்போது கேள்விக்கு வருவோம். பசி தன்னளவில் ஒரு நன்மையாக இருந்திருந்தால் நம் நாயகம் (ஸல்) அவர்கள் அதைவிட்டும் பாதுகாப்புத் தேடியிருக்க மாட்டார்கள். ஆனால் தேடியிருக்கிறார்கள். பசியை, படுக்கையில் கூடவே கிடக்கும் கெட்ட துணை என்று வருணித்து, அதைவிட்டும் அல்லாஹ்விடம் காவல் தேடியதாக அபூதாவூத், நஸாயீ முதலிய கிரந்தங்களில் வருகிறது. வயிற்றில் கல்லைக் கட்டிக் கொண்டு அகழ் தோண்டிய நபியவர்கள் பசியின் ருசியை அறியாதவர்கள் அல்லர். அறிந்தவர்கள்தாம் அதைவிட்டும் காவல் தேடினார்கள். அன்றியும், எத்தனையோ நோன்பாளிகளுக்கு அவர்களுடைய நோன்பினால் பசியைத் தவிர வேறொன்றும் கிடைப்பதில்லை என்றும் எச்சரித்திருக்கிறார்கள். நோன்பின் பசியே வெறுங்கையோடு திரும்பக் கூடுமென்றால், பத்தியத்தின் பசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே பசி என்பது ஒரு நிலை. யாருக்காக, எதற்காக அதைச் சுமக்கிறோம், சுமக்கும்போது எப்படி நடந்து கொள்கிறோம் என்பவைதாம் அதை அமலாக்குகின்றன.

எதற்காக என்பதை முதலில் பார்ப்போம். உடல் நம் சொத்து அல்ல, அமானத். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் வந்து மனைவி மக்களுக்குப் பாரமாகி விடாமல், ஸுஜூதுக்குக் குனிய முடியாத முழங்காலாகி விடாமல், ஒப்படைத்தவனிடம் ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்ற நிய்யத்தில் ஒருவர் உணவைக் குறைத்தால் அது நிச்சயமாக நன்மையான காரியமே. கல்யாண வீட்டில் நாலு பேர் பார்த்து, "என்ன பாய், இளைத்து விட்டீர்களே" என்று கேட்க வேண்டும் என்பதற்காகக் குறைத்தால் அது அவர் இஷ்டம்; ஆகுமான காரியம்தான். ஆனால் அதற்குக் கூலி அந்த நாலு பேரிடத்தில்தான் இருக்கிறது.

சிலர் இன்னொன்று செய்கிறார்கள். எப்படியும் பட்டினி கிடக்கிறோம், அதைத் திங்கள், வியாழன் நோன்பாக ஆக்கி விட்டால் என்ன என்று. இதைத்தான் முன்னோர் அலசியிருக்கிறார்கள் என்று சொன்னோம். இமாம் ஸுயூத்தி (ரஹ்) அவர்கள் தம் 'அல் அஷ்பாஹ் வந்நளாயிர்' என்ற கிதாபில், உடலைக் குளிர்விக்கும் எண்ணத்தையும் சேர்த்து ஒளுச் செய்பவரைப் பற்றிப் பேசிவிட்டு, அந்த ஒளு கூடும் என்ற சொல்லையே சரியானதாக எடுக்கிறார்கள். உடனே, நோன்போடு பத்தியத்தையும் வைத்தியத்தையும் சேர்த்து நிய்யத் வைப்பவரையும் அதே வரிசையில் வைக்கிறார்கள். ஹிஜ்ரி 911-ல் வபாத்தானவர்கள் அவர்கள். எடை குறைக்கும் பத்தியம் இன்றைய நாகரிகம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நோன்பு கூடி விடும்; நன்மை? அதில் இமாம்களுக்கிடையே பேச்சு உண்டு. உலக நோக்கம் கலந்தால் கூலி இல்லை என்றார்கள் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்). இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களோ எந்த நோக்கம் மேலோங்கி நிற்கிறதோ அதைப் பொறுத்தது என்றார்கள். ஹஜ்ஜுக்குப் போனவர் வியாபாரமும் செய்து கொள்வதில் குற்றமில்லை என்று திருமறையே அனுமதித்திருப்பதை எண்ணும்போது, கஸ்ஸாலி இமாமின் சொல்லே நம் மனத்துக்கு ஆறுதலாக இருக்கிறது. மேலோங்கி நிற்பது எது என்று அறிய நமக்கு ஓர் எளிய சோதனை தோன்றுகிறது. தராசு ஒரு வாரம் அசையாமல் நின்று விட்டால் அடுத்த திங்கட்கிழமை நோன்பு வைப்பீர்களா?

தராசு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் வாரத்தில் இரண்டொரு கிலோ விறுவிறுவென்று குறையும். அது கொழுப்பு அன்று. உடம்பு அவசரத் தேவைக்கென்று ஈரலிலும் தசையிலும் சர்க்கரையைச் சேமித்து வைத்திருக்கிறது. அதோடு தண்ணீரும் சேர்ந்திருக்கிறது. உணவு குறைந்ததும் முதலில் கரைவது அந்தச் சேமிப்பும் அந்தத் தண்ணீருமே. கொழுப்பு மெல்லத்தான் கரையும். இது தெரியாமல் முதல் வாரத்தில் பெருமைப்பட்டவர்கள் மூன்றாம் வாரத்தில் மனமுடைந்து, ஒரே நாளில் ஒரு மாதத்துப் பிரியாணியையும் சாப்பிட்டுத் தீர்க்கிறார்கள்.

அந்த முதல் நாட்களில் தலைவலி வரும், உடல் சோரும், தூக்கம் கெடும். வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்குச் சரியாகப் பசி எழுந்து வந்து வாசலில் நிற்கும். சற்று நேரம் கவனிக்காமல் விட்டால் தானே திரும்பிப் போய் விடும். இதை ரமளானில் நாம் அனைவரும் அனுபவித்திருக்கிறோம். முதல் மூன்று, நான்கு நோன்புகள்தாம் கனமாக இருக்கும். பிறகு உடல் பழகிக் கொள்ளும். கப்ரடியில் அழுது கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் நபி (ஸல்) அவர்கள், பொறுமை என்பது முதல் அடி விழும் நேரத்தில் காட்டுவதுதான் என்ற கருத்தைச் சொன்னார்கள் என்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. அது மரணத் துக்கத்துக்குச் சொன்னது. அதைச் சோற்றுப் பானையோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. ஆனாலும் முதல் அடி எங்கே விழுகிறதோ அங்கேதான் மனிதனின் உண்மை தெரியும் என்ற அளவில் இதற்கும் பொருந்தும்.

பத்தியத்தில் முதல் அடி எங்கே விழுகிறது? வயிற்றில் என்று நினைக்கிறோம். இல்லை, நாக்கில் விழுகிறது. அதுவும் சுவை நாக்கில் அன்று; பேசும் நாக்கில்.

1944-ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவின் மின்னஸோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்ஸெல் கீஸ் என்ற ஆராய்ச்சியாளர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை தொடங்கினார். உலக யுத்தம் நடந்து கொண்டிருந்த காலம். பட்டினியால் வாடிய ஐரோப்பிய மக்களை எப்படி உணவு கொடுத்து மீட்பது என்று அறிவதற்காகச் செய்த சோதனை. அந்த இளைஞர்கள் யார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. மனிதனைக் கொல்ல மனசாட்சி இடம் தராது என்று சொல்லி ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள். பிறர் பசி தீர வேண்டுமென்று தாமாக முன்வந்து தம் உடலைக் கொடுத்தவர்கள். ஆறு மாத காலம் வழக்கமான உணவில் ஏறத்தாழப் பாதியைக் கொடுத்தார்கள். அந்தச் சாந்த சொரூபிகள் சிறு விஷயத்துக்கும் எரிந்து விழுந்தார்கள். நட்பு, நகைச்சுவை எல்லாம் வற்றிப் போயின. சாப்பாட்டைத் தவிர வேறு நினைவு இல்லை. சமையல் புத்தகங்களைப் படித்துக் கொண்டு உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு. நல்ல மனிதர்களையே பசி இந்தப் பாடுபடுத்தும் என்றால், நாம் எம்மாத்திரம்?

இதை நம் வீட்டுக்குக் கொண்டு வந்து பார்ப்போம். அத்தா பத்தியம் இருக்கிறார் என்றால் பிள்ளைகள் ஓசையில்லாமல் நடக்கிறார்கள். அவருக்கென்று ஒரு பாத்திரம், மற்றவர்களுக்கு ஒரு பாத்திரம் என்று இரண்டு சமையல் நடக்கிறது. ஆணத்தில் எண்ணெய் மிதந்தால் கோபம். எண்ணெய் இல்லாவிட்டால் ருசியில்லை என்று அதைவிடக் கோபம். பெண்கள் நம் வீட்டாரிடம் வந்து சொல்லும் முறையீடுகளில் ஒன்று நம் காதுக்கும் எட்டியது: "பத்தியம் அவங்களுக்கு, பட்டினி எங்களுக்கு." அவர் கண் முன்னால் சாப்பிட அஞ்சிப் பிள்ளைகளும் தாயும் அடுப்படியில் ஒளிந்து சாப்பிடுகிறார்களாம். இந்தப் பத்தியத்தில் எத்தனை கிலோ குறைந்தாலும், மீஸானில் எதிர்த்தட்டில் ஏறுவது எவ்வளவு என்பதையும் அவர் கணக்கிட்டுக் கொள்ள வேண்டும்.

நம் நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை சொன்னதே இல்லை. பிடித்தால் உண்பார்கள், பிடிக்காவிட்டால் விட்டு விடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். விட்டு விடுவதற்கு முழு உரிமை உண்டு. குறை சொல்வதற்குத்தான் இல்லை. இன்னொரு காட்சியை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக இமாம் முஸ்லிம் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு நாள் வீட்டுக்குள் வந்து உண்ண ஏதேனும் உண்டா என்று கேட்கிறார்கள். இல்லை என்றதும், அப்படியானால் நான் நோன்பு என்று சொல்லி விடுகிறார்கள். இன்னொரு நாள் பேரீச்சையும் நெய்யும் சேர்த்த ஹைஸ் என்ற பண்டம் அன்பளிப்பாக வந்திருக்கிறது என்கிறார்கள் அன்னையவர்கள். நோன்பாகத்தான் காலையில் எழுந்தேன், இருந்தாலும் கொண்டு வா என்று வாங்கி உண்கிறார்கள். இல்லாதபோது முகம் வாடவில்லை. இருந்தபோது பிடிவாதமும் இல்லை. அந்த வீட்டில் யாரும் ஓசையில்லாமல் நடக்க வேண்டியிருக்கவில்லை.

பத்தியக்காரர்களின் பிடிவாதம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் தம் மேல் உள்ள கோபத்திலிருந்து வருகிறது என்றே எண்ணுகிறோம். டாக்டர் சொன்ன சொல், பழைய சட்டை பூட்ட மாட்டாமற் போனது, கண்ணாடி — ஏதோ ஒன்றால் புண்பட்டு, பத்து வருடத்தில் ஏறியதைப் பத்து நாளில் இறக்கி விட வேண்டுமென்று உடம்பைத் தண்டிக்கப் புறப்படுகிறார்கள். தண்டிப்பதற்கும் திருத்துவதற்கும் வேற்றுமை உண்டு.

அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களின் வரலாறு நம் மதரஸாக்களில் ஓதிக் கொடுக்கப்படுவது. வாலிப வேகத்தில் தினமும் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்றிருந்தார்கள். நபியவர்கள் அழைத்து, உன் உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் உன்மீது ஹக்கு உண்டு என்று உணர்த்தி, மாதம் மூன்று நோன்பு போதும் என்றார்கள். எனக்கு இதைவிடச் சக்தி உண்டு என்றார் அந்த வாலிபர். நபியவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் நோன்பு வைத்த தாவூத் (அலை) அவர்களின் முறையில் நிறுத்தினார்கள். முதுமை வந்து உடல் தளர்ந்தபோது, அன்று நபியவர்கள் கொடுத்த சலுகையை ஏற்றிருக்கலாமே என்று அவர்கள் ஏங்கினார்கள். வணக்கத்தில் காட்டிய வேகத்துக்கே இந்த நிலை. அல்லாஹ்வுக்கு உவப்பான அமல், குறைவாயினும் விடாமல் செய்வது என்ற நபிமொழியை நாம் தொழுகைக்கும் திக்ருக்கும் சொல்கிறோம். சோற்றுத் தட்டுக்கு மட்டும் ஏன் மறந்து விடுகிறோம்?

உணவைக் குறைக்கும் முறையை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமித்தீன்' கிரந்தத்தில் வெகு நுட்பமாகக் கூறுகிறார்கள். அதிகம் உண்டு பழகியவன் திடீரென்று குறைத்தால் உடல் தாங்காது. ஆகவே படிப்படியாகக் குறைக்க வேண்டும். இரண்டு ரொட்டி தின்பவன் ஒரு ரொட்டிக்கு வர விரும்பினால், ஒரு ரொட்டியை ஏழாகப் பகுத்து, அந்தப் பகுதியிலும் நாலில் ஒன்றை மட்டும் ஒவ்வொரு நாளும் குறைக்கட்டும் என்கிறார்கள். அதாவது நாளொன்றுக்கு 28-ல் ஒரு பங்கு. ஏறக்குறைய ஒரு மாதத்தில் உடம்புக்கே தெரியாமல் ஒரு ரொட்டி குறைந்து விடும். நம் கணக்கில் சொன்னால் நாளுக்கு ஒரு கவளத்துக்கும் குறைவு. இந்த முறையில் பத்தியம் இருப்பவர் வீட்டில் யாருக்கும் இவர் பத்தியம் இருப்பதே தெரியாது. ரியாவுக்கும் இடமில்லை.

இனி ஒரு முக்கியமான எச்சரிக்கை. முதல் நாள் வேகத்தில் சிலர், "வல்லாஹி, இனிச் சோற்றைத் தொட மாட்டேன்" என்று சத்தியம் செய்து விடுகிறார்கள். சிலர், "இனி பிரியாணி எனக்கு ஹராம்" என்கிறார்கள். நாலாம் நாள் தொட்டு விடுகிறார்கள். வேடிக்கையாகச் சொன்னேன் என்பதெல்லாம் இங்கே செல்லாது. அல்லாஹ்வின் பெயரால் சத்தியம் செய்து முறித்தால் கப்பாரா கட்டாயம்: பத்து ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும், அல்லது உடை கொடுக்க வேண்டும், இயலாவிட்டால் மூன்று நோன்பு. ஹலாலானதை 'எனக்கு ஹராம்' என்று சொல்வதும் ஹனபி மத்ஹபில் சத்தியமாகவே கொள்ளப்படும். முறித்தால் கப்பாரா உண்டு. ஷாபிஈ மத்ஹபில் உணவு விஷயத்தில் அந்தச் சொல் வீணானது, கப்பாரா இல்லை. எப்படியாயினும் அல்லாஹ் ஆகுமாக்கியதை நாமாக விலக்கிக் கொள்வது அழகான காரியமன்று. நபியவர்கள் தேனைத் தமக்கு விலக்கிக் கொண்டபோது 'தஹ்ரீம்' அத்தியாயத்தின் தொடக்கம் இறங்கியதாக ஸஹீஹான அறிவிப்பு இருக்கிறது. ஆகவே, "இன்றைக்கு வேண்டாம்" என்று மட்டும் சொல்லிப் பழகுங்கள்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்ஸுலினோ எடுப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் பட்டினியைத் தொடங்கவே கூடாது. மருந்து உள்ளே இருந்து உணவு இல்லாமற் போனால் சர்க்கரை சரிந்து மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகும். கையறிந்து தன்னை நாசத்தில் போட்டுக் கொள்வதைத் திருமறை தடுத்திருக்கிறது. அது தக்வா ஆகாது. நபிலான நோன்பில் இருக்கும்போது இப்படி நேர்ந்தால் தயங்காமல் திறந்து விட வேண்டும். ஹனபிகள் பிறகு களாச் செய்து கொள்ளட்டும். ஷாபிஈகளுக்கு அந்தக் கட்டாயமும் இல்லை.

மளிகைக்காரச் சகோதரர் போகும்போது இன்னொன்றும் கேட்டார். அடுத்த வாரம் அருப்புக்கோட்டையில் மச்சினன் மகனுக்குக் கல்யாணம். நெய்ச்சோறும் தால்ச்சாவும் இருக்கும். போகாமலே இருந்து விடவா என்றார். போகாமல் இருக்கக் கூடாது. வலிமா அழைப்பை ஏற்பது கடமை; உண்பது கடமையன்று. அழைக்கப்பட்டவர் போகட்டும், விரும்பினால் உண்ணட்டும், விரும்பினால் விடட்டும் என்ற கருத்தில் ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக ஹதீஸ் வந்திருக்கிறது. நோன்பாளியாக இருந்தால் அவர்களுக்காக துஆச் செய்யட்டும் என்று இன்னோர் அறிவிப்பும் உண்டு. ஆகவே ஸஹனைச் சுற்றி எல்லோரோடும் உட்காருங்கள். பிஸ்மி சொல்லி இரண்டு கவளம் எடுங்கள். கறியைப் பக்கத்தில் இருக்கும் பையன் பக்கம் தள்ளி விடுங்கள். யாராவது வற்புறுத்தினால் எவ்வளவு கிலோ குறைந்திருக்கிறது என்ற கதையை ஆரம்பிக்காமல், "போதும், அல்ஹம்து லில்லாஹ்" என்று கை கழுவ எழுந்து விடுங்கள் என்றோம்.